மறைக்கச் சொன்ன சொல்

...அதைத்தாம்மா சொல்றேன். பிரவுசர் மேல் மூலைல ஜிக்சா பஸில் துண்டு மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கு பாருங்க, அதைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. எத்தனை சேத்து வச்சிருக்கீங்க உள்ள? ஏழா. ம்... நான் பதினாலு வச்சிருந்தேன். இல்ல இல்ல, நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன். ஸ்டேஷன் வர்ற வரைக்கும் காதை மட்டும் குடுத்தாப் போதும்.

எக்ஸ்டென்ஷன்ங்கிறாங்க, ஆட்-ஆன்ங்கிறாங்க. எழுத்துல நாங்க 'நீட்சி'ன்னு போடுவோம். போட்டா ஒருத்தருக்கும் புரியாது. நான் ஆஸ்பத்திரில மொழிபெயர்ப்பு வேலை பாக்குறேன். நோயாளி வீட்டுக்குப் போறப்ப கையில ஒரு தாள் குடுப்பாங்கல்ல... மாத்திரைய எப்பச் சாப்பிடணும், எப்பக் குனியக் கூடாது, காயத்துல தண்ணி படலாமா... அதைத் தமிழ்ல எழுதுறது நான்தான். முக்காவாசி நாள் வீட்லேர்ந்தே செய்யலாம். லேப்டாப்தான் ஆபீஸு. டாக்டர் எழுதினது இடது பக்கம், நம்மளது வலது பக்கம், எல்லாமே பிரவுசருக்குள்ளதான்.

நான் எழுதினதைத் திருத்துறதுக்கு ஒருத்தர் இருக்கார். நாங்க ஒற்றுக்காரர்னுதான் கூப்பிடுவோம். எங்கயாவது ஒரு 'ச்' விட்டுப் போச்சுன்னா அன்னைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனுஷர். அவர்தான் இந்தச் சமாச்சாரத்தையெல்லாம் எனக்குக் காட்டிக் குடுத்தது. மொதல்ல விளம்பரத்தைத் தடுக்கிறது. சரி, அது நல்லதுதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். நுரையீரலப் பத்தி ஒரு பக்கம் படிச்சிட்டிருக்கேன், நடுவுல ஒருத்தன் வந்து சோபா வாங்குன்னா எப்படி இருக்கும். அப்புறம், ரொம்ப நேரமா பாக்காத பக்கத்தையெல்லாம் தூங்க வைக்கிறது ஒண்ணு. நாப்பது பக்கம் திறந்து வச்சிருப்பேன், பாவம் மெஷினும் எத்தனையத்தான் சுமக்கும். அப்புறம் ஒரு வார்த்தை மேல ரெண்டு தட்டு தட்டினா அர்த்தம் சொல்றது. அப்புறம்... ஆங், சுருக்கெழுத்து. அதுதான் கை வலிக்கு மருந்தே. ரெண்டு எழுத்து அடிச்சா முழு வாக்கியமும் தானா வந்து விழும். நாள் பூரா ஒரே வாக்கியத்தை எத்தனை தடவை அடிக்கிறது? 'மறுபரிசோதனைக்கு வரும்போது பழைய அறிக்கைகள் அனைத்தையும் கொண்டுவரவும்.' இதுக்கு நான் 'வர்'னு வச்சிருந்தேன். வர்-னு அடிச்சா போதும், மீதிய அது பாத்துக்கும்.

இதெல்லாம் சேந்து எனக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அந்த ஒரு மணி நேரத்துல என்ன பண்ணேன்னு கேக்காதீங்க. இன்னும் என்ன சேக்கலாம்னு தேடினேன்.

ஜன்னல் வேணா கொஞ்சம் சாத்திக்கலாமா, உங்க ஸ்க்ரீன்ல வெயில் அடிக்குது. ம். இப்பச் சரி.

வினை எங்க ஆரம்பிச்சுதுன்னா, போன வருஷக் கடைசில எனக்கு யாரும் நேரமே சொல்ல மாட்டேன்னுட்டாங்க. நிஜமாத்தான். எங்க குடியிருப்புல தண்ணி நிறுத்தினா முன்கூட்டியே மெயில் போடுவாங்க. எல்லாருக்கும் வரும், எனக்கு மட்டும் வராது. நான் தலைல சோப்பப் போட்டுட்டு நிக்கிறேன், குழாய் உஸ்ஸுங்குது. செக்ரட்டரி வீட்டுக் கதவத் தட்டி நியாயம் கேட்டேன். தலைல துண்டக் கட்டிட்டுத்தான் போனேன். அந்தாளு, அனுப்பியாச்சும்மா, உங்க பேரும் லிஸ்ட்ல இருக்குன்னு காட்டறார். இருந்தா எனக்கேன் வரலன்னு நான். அரை மணி நேரம் படிக்கட்டுல நின்னு சண்டை. சோப்பு காஞ்சே போச்சு.

அப்புறம் பல் டாக்டர். அடுத்த தடவை எப்ப வரணும்னு மெயில் போடுறேன்னாங்க. போடல. நானும் போகல. அவங்க, நீங்க வராததால உங்க இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்னாங்க. எங்க டிபார்ட்மெண்ட்ல மீட்டிங். எல்லாரும் போய் உக்காந்திருக்காங்க, நான் வீட்ல துணி காயப் போட்டுட்டிருக்கேன். சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டு, உங்களுக்கு இங்க வேலை பாக்க விருப்பம் இருக்கா இல்லையான்னு ரொம்ப மரியாதையா கேட்டாங்க. மரியாதையா கேட்டா இன்னும் வலிக்கும். எனக்கு என்ன தோணுச்சுன்னா, எல்லாரும் சேந்து என்னை ஒதுக்கறாங்க. தனியா இருக்கிறவளுக்கு அப்படித்தான் தோணும். வீட்ல பேச ஆளில்லன்னா நாமளே ஒண்ணு நினைச்சு, நாமளே அதுக்குச் சாட்சியும் சொல்லிக்கிறோம்.

தனியாத்தான் இருக்கேன். முன்ன அம்மா இருந்தாங்க கூட. அதுக்கு வர்றேன்.

இதுக்கு மேல வந்தது பெரிசு. காய்ச்சலுக்கு ஒரு தாள் எழுதினேன். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரைன்னு எழுதி, சேமிச்சு, திரும்பத் திறந்து பாக்குறேன், அந்த வரி இல்ல. மறந்துட்டேன் போலன்னு மறுபடி எழுதினேன். சேமிச்சேன். இல்ல. மூணாந்தடவையும் எழுதினேன். அதுவும் போச்சு. சரி, ஒற்றுக்காரர் கண்ணுல படட்டும்னு விட்டேன். அன்னைக்குப் பாத்து அவர் லீவு. தாள் நேரா வார்டுக்குப் போயிடுச்சு. வார்டு நர்ஸ் போன் பண்ணி, ஏங்க, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு மூணு தடவை எழுதியிருக்கீங்களே, மூணு மாத்திரை குடுக்கணுமான்னு கேக்குறாங்க. நல்லவேளை கேட்டாங்க. கேக்காமக் குடுத்திருந்தா? நான் அன்னைக்கு ராத்திரி... விடுங்க.

அதுக்கு அடுத்த வாரம், கை எலும்பு முறிஞ்சவங்களுக்கான கையேடு ஒண்ணு சரிபாக்க வந்துச்சு. பழசு, தமிழ்லயே இருக்கறது. திறந்தா வெறும் வெள்ளை. தலைப்பு ரெண்டு, படம் ஒண்ணு, பக்க எண். அவ்வளவுதான். வெறுந்தாள அனுப்பியிருக்கீங்களேன்னு கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்டுக்கு எழுதினேன். மறுபடி அனுப்பினாங்க. மறுபடி வெள்ளை. நானும் விடல, கிண்டல் பண்றீங்களான்னு ஒரு மெயில், சூப்பர்வைசருக்கும் ஒரு காப்பி. அடுத்த நாள் ஆபீஸ் போனப்ப அங்கேர்ந்து ஒருத்தர் நேர்லயே வந்துட்டார்.

அவர் பேசவே மாட்டாரும்மா. உங்கள மாதிரி. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தார். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன், தண்ணி, பல்லு, மீட்டிங், மாத்திரை, எல்லாம். தலைய ஆட்டிட்டே அந்தப் பஸில் துண்ட அமுக்கினார். பதினாலையும் ஒவ்வொண்ணா திறந்து பாத்தார். பதினொண்ணாவதுல நின்னுட்டார். அதுல ஒரு கட்டம், கட்டத்துக்குள்ள எட்டுப் பத்து வார்த்தை. எடை குறைய, ராசிபலன், சோபா, இப்படி. கடைசில ஒண்ணு. அதைப் படிச்சுட்டு, திரும்பி என்னைப் பாத்துக் கேட்டார்.

"மணிங்கிறது யாருங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியாதுன்னு சொன்னேன்.

கூடப் பிறந்த தங்கச்சிம்மா. எனக்கும் அவளுக்கும் நாலு வயசுதான் வித்தியாசம். பள்ளிக்கூடப் பேரு வேற, அதை யாரும் கூப்பிட்டதில்ல. பிறந்ததுலேர்ந்து மணி. அவளைத் தெரியாதுன்னு ஒரு அந்நியர்கிட்ட, வாய் கூசாமச் சொன்னேன்.

அவர் திரும்ப ஸ்க்ரீனப் பாத்தார். இந்த எக்ஸ்டென்ஷன் என்ன பண்ணும்னு மட்டும் விளக்கினார். இதுல எந்த வார்த்தையப் போடறோமோ, அந்த வார்த்தை வர்ற வரியே கண்ணுக்குத் தெரியாது. அழியாது. அங்கதான் இருக்கும். ஊருக்கே தெரியும், நமக்கு மட்டும் தெரியாது. மெயில்ல பத்து மணின்னு இருந்தா அந்த மெயிலையே மறைச்சுடும், எட்டு மணி நேரம்னு இருந்தாலும் மறைச்சுடும். மணிக்கட்டுன்னு இருந்தா? அதையும்தான். மணிக்கட்டு முறிஞ்சவங்களுக்கான கையேட்டுல மணிக்கட்டு இல்லாத வரி எங்கம்மா இருக்கும்?

யாரோ என் மெஷினுக்குள்ள புகுந்து போட்டிருக்காங்கன்னு சொன்னேன். அவர் தேதியக் காட்டினார். போன வருஷம், ஒரு ஞாயித்துக்கிழமை, சாயங்காலம். என் கணக்குலேர்ந்து.

அன்னைக்குத்தான் அவ அம்மாவக் கூட்டிட்டுப் போனா.

பதினோரு வருஷம் அம்மா என்கூட இருந்தாங்க. காது மந்தம். நான் சத்தமாப் பேசுவேன். காலைல எழுந்ததுலேர்ந்து சத்தம். காபி, மாத்திரை, கதவ மூடு, எல்லாம் சத்தம். அதுவே பழகிப் போச்சு. இவ பத்து நாள் லீவுல வந்தா. மூணாவது நாளே அம்மாவக் கூட்டிட்டுப் போய்க் காது மெஷின் வாங்கி மாட்டி விட்டுட்டா. என்னை ஒரு வார்த்தை கேக்கல. அம்மா வீட்டுக்கு வந்து உக்காந்தாங்க. நான் வழக்கம்போல, தண்ணி வேணுமான்னு கேட்டேன். அம்மா ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டாங்க. பொத்திட்டு அவகிட்ட, "இவ எப்பவும் இப்படித்தான் கத்துவாளா?"ன்னு கேட்டாங்க.

சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க. அவளும் சிரிச்சா. அதான் எனக்குத் தாங்கல. பதினோரு வருஷம் யாருக்காகக் கத்தினேன்? பேச்சு ஒண்ணுக்கொண்ணு வளந்து, அவ, நீ ஒரு தடவையாவது காது டாக்டர்கிட்டக் காட்டினியான்னு கேட்டா. நான் ஆஸ்பத்திரில வேலை பாக்குறவ, பாத்துக்கோங்க. காது மெஷினுக்கான கையேட்டையே மொழிபெயர்த்தவ. பதில் இல்ல எங்கிட்ட. பதில் இல்லாதப்ப சத்தம்தானே வரும். நல்லாக் கத்தினேன். ஒரு மாசம் என்கூட இருக்கட்டும்னு அம்மாவக் கூட்டிட்டுக் கிளம்பிட்டா. அம்மாவும் போயிட்டாங்க. வாசல்ல நின்னு, இனிமே உன் குரலே எனக்குக் கேக்கக் கூடாதுன்னு அவகிட்ட சொன்னேன்.

போன்ல அவ நம்பரத் தடுத்து வச்சேன். அது தெரிஞ்சே செஞ்சது, ஞாபகமும் இருக்கு. அப்புறம் லேப்டாப்பத் திறந்தா, எங்க சொந்தக்காரங்க எல்லாரும் போட்டோ போடற பக்கம் ஒண்ணு இருக்கு, அதுல அதுக்குள்ள போட்டிருக்கா. ரயில்ல அம்மாவும் அவளும். அம்மா சிரிக்கிறாங்க. கீழ நாப்பது பேர், சபாஷ் மணி, சபாஷ் மணின்னு. பாக்கப் பிடிக்கல. விளம்பர வார்த்தையெல்லாம் போட்டு வச்சிருந்த அதே கட்டத்துல அவ பேரையும் தட்டி விட்டேன். அந்தப் பக்கத்துக்கு மட்டும்னுதான் நினைச்சேன். எல்லாப் பக்கத்துக்குமாங்கிற இடத்துல அதுவே ஒரு டிக் போட்டு வச்சிருக்கு. நாமதான எடுக்கணுமாம். யாரும்மா அதையெல்லாம் படிக்கிறா? பிறத்தியாருக்குத் தாள் எழுதுறவ நான், எனக்கு வந்த தாளப் படிக்கல.

மறுநாளே மறந்துட்டேன். நிஜமா மறந்துட்டேன். அதைத்தான் யாரும் நம்ப மாட்டாங்க. கோவத்துல போன்ல தடுத்ததும் தெரியும், ஆனா மெயில் இருக்கே, அவ எழுதுவா, எழுதாம இருக்க மாட்டான்னு காத்திருந்தேன். ஒரு வாரம். ஒரு மாசம். எட்டு மாசம். ஒரு வரி வரலன்னு ஊர் பூரா குறை சொல்லித் திரிஞ்சேன். ஒற்றுக்காரர்கிட்ட, பல் டாக்டர் கிளினிக் வரவேற்புல உக்காந்திருக்கிற பொண்ணுகிட்ட, சோப்போட போய் நின்ன அந்தச் செக்ரட்டரிகிட்ட. பெத்த தாய எடுத்துட்டுப் போனவ, உயிரோட இருக்காங்கன்னு ஒரு வரி போட மாட்டேங்கிறான்னு. எல்லாரும் உச்சுக் கொட்டினாங்க. அதுவும் ஒரு சுகமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அந்தக் கம்ப்யூட்டர் ஆளு அந்த வார்த்தைய அழிச்சார். என் சொந்த மெயிலத் திறங்கன்னார். திறந்தேன். பக்கம் நீளமாகுது, நீளமாகுது... வரிசையா அவ பேருதான். மணி, மணி, மணி, மணி. முப்பத்துநாலு. ஒரு ஞாயித்துக்கிழமை விடல. அவர் நாற்காலிய இருந்த இடத்துல போட்டுட்டு, சத்தமில்லாமப் போயிட்டார். நல்ல மனுஷர்.

படிச்சேன். மொத மெயில்ல மன்னிப்பு கேட்டிருந்தா, அம்மா முன்னால சிரிச்சிருக்கக் கூடாதுன்னு. ரெண்டாவதுலயும் கேட்டிருந்தா. அஞ்சாவதுலயோ ஆறாவதுலயோ, அம்மா லேப்டாப்ல சீரியல் பாக்குறாங்க, நடுநடுவுல விளம்பரம் வருது, விளம்பரத்துல வர்றவ தன்கிட்டதான் பேசறான்னு நினைச்சுப் பதில் சொல்றாங்க, அதை நிறுத்த ஏதோ போடலாமாமே, உனக்குத் தெரியும்ல, எப்படின்னு சொல்லேன்னு எழுதியிருந்தா. அரை நிமிஷ வேலைம்மா அது. எட்டு மாசமா எங்கம்மா யாரோ ஒரு பல்பொடிக்காரிக்குப் பதில் சொல்லிட்டிருந்திருக்காங்க.

இருபத்தாறாவது மெயில்... அம்மா குளியலறைல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு. வெள்ளிக்கிழமை காலைல ஆபரேஷன்னு, எத்தனை மணிக்குன்னு, எந்த மாடின்னு எல்லாம் எழுதியிருந்தா. போன் பண்ணாப் போக மாட்டேங்குது, இதையாவது பாருன்னு கடைசில. அடுத்த மெயில் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். நல்லபடியா முடிஞ்சுது, எட்டு மணிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் வெளில பெஞ்சுல உக்காந்திருந்தேன், நீ வருவேன்னு பக்கத்து இடத்துல பைய வச்சிருந்தேன், ஒரு வயசானவர் நின்னுட்டிருந்தார், அப்புறம் பைய எடுத்துட்டேன்னு. அவ்வளவுதான். திட்டவே இல்ல. திட்டியிருந்தா நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தேறியிருப்பேன்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு பாத்தேன், வேலைப் பட்டியல்ல இருக்கும்ல. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி உக்காரணும், எப்படி எழுந்துக்கணும்னு ஒரு தாள் எழுதியிருக்கேன். யாரோ ஒருத்தரோட அம்மாவுக்கு.

இல்லம்மா, ஒண்ணுமில்ல. கண்ணுல ஏதோ. நாள் பூரா ஸ்க்ரீன் பாக்குற கண்ணு.

பதில் எழுதணுமே. என்ன எழுதுறது? நாலு தடவை ஆரம்பிச்சு அழிச்சேன். கடைசில, நான் வர்றேன், அவ்வளவுதான் எழுதினேன். எழுதி அனுப்பிட்டுப் பாத்தா, 'நான் மறுபரிசோதனைக்கு வரும்போது பழைய அறிக்கைகள் அனைத்தையும் கொண்டுவரவும்றேன்'னு போயிருக்கு. வர்-னு அடிச்சேன்ல. எட்டு மாசம் கழிச்சு அக்கா தங்கச்சிக்கு எழுதின மெயில், தலையும் இல்ல வாலும் இல்ல. தலைல கைய வச்சுட்டு உக்காந்திருந்தேன். பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு. "எல்லா ரிப்போர்ட்டும் எடுத்து வச்சிருக்கேன். எப்ப வர்ற?"

இப்பப் போறேன். அவ ஸ்டேஷனுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா. போன்ல அவ நம்பரையும் விடுவிச்சுட்டேன், ஆனா பேசல, ரெண்டு பேரும் எழுதிக்கிட்டோம், அவ்வளவுதான். இத்தனை மாசம் ஏன் பதில் போடலன்னு அவ இன்னும் கேக்கல. நேர்ல கேப்பா. அதுக்குத்தான் காலைலேர்ந்து யோசிச்சிட்டு வர்றேன். நெட் சரியில்லன்னு சொல்லலாம். மெயில் பெட்டி நிறைஞ்சு போச்சுன்னு சொல்லலாம். அவளுக்கு இதெல்லாம் தெரியாது, நம்பிடுவா. இந்த எக்ஸ்டென்ஷன் கோளாறு பண்ணிடுச்சு, விளம்பரத்தை மறைக்கறேன்னு உன்னையும் மறைச்சுடுச்சுன்னு சொன்னா, அதுல முக்காவாசி உண்மையும்கூட. நீங்க என்ன நினைக்கிறீங்க? நீங்க இந்த மெஷின் வேலை தெரிஞ்சவங்க, அப்படி ஆகும்தானே? தானா ஆகும்னு சொல்லலாம்தானே?

...ம்.

ஆகாதுன்னு எனக்கும் தெரியும். அது சொன்னதைத்தான் செய்யும். சொன்னது நான்.

வண்டி மெதுவாகுதே. ஸ்டேஷன் வந்துடுச்சா? அட, நாலு மணி நேரம் ஓடியே போச்சு, உங்களத்தான் ஒரு வரி வேலை பாக்க விடல. மன்னிச்சுக்கோங்க. அந்தப் பைய மட்டும் மேலேர்ந்து கொஞ்சம் எடுத்துக் குடுங்க, கைப்பிடி பிஞ்சிருக்கும், அடில பிடிங்க...

அதோ. அந்தத் தூண் பக்கத்துல, நீலச் சட்டை, அவதான். இளைச்சுட்டா. பக்கத்துல... அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கா. நாலு கால் ஊன்றுகோலப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க. யாரு நிக்க வைக்கச் சொன்னது, ஆபரேஷனாகி முழுசா ரெண்டு மாசம் ஆகல, ஒரு நாற்காலி போட மாட்டாளா... சரி, சரி, வாயத் திறக்கல.

நான்தான் மறைச்சேன்னு சொல்லிடுறேம்மா. உன் பேரை நான்தான் தட்டினேன், வேற யாரும் இல்லன்னு. காரணமெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். அதனால அந்த ஒண்ண மொதல்ல சொல்லிட்டு, அப்புறம்தான் பையக் கீழ வைக்கப் போறேன். கனமாத்தான் இருக்கு. பரவால்ல.

கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க, இறங்கிக்கிறேன்.